சரத்தில் தொங்கும் இரண்டு ரூபாய் பாக்கெட்!

தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் பென்னாகரம் பஸ்ஸுக்காக நிற்கிறீர்கள். கையைப் பிடித்துக்கொண்டு ஐந்து வயசுப் பேத்தி. எதிரே ஒரு பெட்டிக்கடை. வாசலில் தோரணம் மாதிரி சரம் சரமாகப் பாக்கெட்டுகள். "தாத்தா, அந்த மாங்கா மிட்டாய் வேணும்!" என்று ஆரம்பித்துவிடுகிறது குழந்தை. இரண்டு ரூபாய்தானே? வாங்கிக் கிழித்துக் கொடுத்துவிடுகிறீர்கள்.

பஸ் இண்டூர் தாண்டுவதற்குள் குழந்தைக்கு இளைப்பு. மூச்சு விடும்போது விசில் சத்தம். பென்னாகரத்தில் இறங்கி ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறீர்கள். டாக்டர் கேட்கிறார்: "புதுசா ஏதாவது சாப்பிட்டாளா?"

"ஏதோ மாங்கா மிட்டாய் சார்..."

"என்ன கம்பெனி? அதுல என்ன போட்டிருந்தது?"

பாக்கெட் பஸ் ஜன்னல் வழியே பறந்துபோய் அரை மணி நேரம் ஆகிவிட்டது. கையில் இருந்திருந்தாலும் அதில் என்ன எழுதியிருந்திருக்கும்?

பயப்படாதீர்கள், இது நான் கற்பனையாகச் சொன்னதுதான். ஆனால் டாக்டரின் அந்தக் கேள்வி கற்பனை இல்லை. உணவுப் பாக்கெட்டின் மேல் ஒட்டப்படும் லேபிள் எதற்கு என்று கேட்டால், பெரும்பாலானவர்கள் "விலை பார்க்க, தேதி பார்க்க" என்பார்கள். இன்னொரு உபயோகமும் உண்டு. சாப்பிட்டவருக்கு உடம்புக்கு வந்தால், வந்த வழியைத் திரும்பிப் போய்ப் பார்க்க அந்தத் துண்டுச் சீட்டு ஒன்றுதான் தடயம்.

வெளிப்பையைத் தூக்கிப் போடாதீங்க!

அந்த இரண்டு ரூபாய் பாக்கெட்டையே எடுத்துக்கொள்வோம். ஆறு சென்டிமீட்டர் அகலம், எட்டு சென்டிமீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்பக்கமும் பின்பக்கமும் சேர்த்தால் 96 சதுர சென்டிமீட்டர். பாக்கெட்டின் மொத்தப் பரப்பு 100 சதுர சென்டிமீட்டருக்கு மேற்படாவிட்டால், அதன் மேல் சேர்மானப் பட்டியலும் சத்து விவரமும் அச்சடிக்க வேண்டியதில்லை என்று சட்டமே விலக்கு தருகிறது. இத்தனூண்டு காகிதத்தில் அத்தனையையும் எங்கே அடிப்பது என்கிற நியாயம்தான். அதற்குப் பதிலாக அந்த விவரங்கள், குட்டிப் பாக்கெட்டுகளை மொத்தமாகப் போட்டு வரும் பெரிய பையின் மேல் இருக்க வேண்டும்.

கடையில் என்ன நடக்கிறது? பெரிய பையைக் கிழித்து, சரத்தை எடுத்து ஆணியில் மாட்டிவிட்டு, பையைக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். விவரமும் அதோடு போயிற்று! கடைக்காரர் மேல் கோபப்பட்டுப் பயனில்லை. அதில் என்ன இருக்கிறது என்று அவரிடம் யாரும் கேட்டதே இல்லை. நீங்கள் வழக்கமாக வாங்கும் கடை என்றால், "அண்ணே, அந்தப் பெரிய கவரைப் புதுசு வர்ற வரைக்கும் ஒரு ஓரமா மாட்டி வையுங்க" என்று சொல்லிப் பாருங்கள். காசு செலவில்லாத காரியம்.

இளைப்பு உள்ளவர்கள் அந்தப் பையில் எதைத் தேட வேண்டும்? சல்ஃபைட் என்ற பெயரை. அல்லது 220 முதல் 228 வரையுள்ள எண்களை. காய்ந்த பழம், பழச்சாறு, பழ மிட்டாய் போன்றவை நிறம் மங்காமலும் கெடாமலும் இருக்கச் சேர்ப்பது இது. எல்லோருக்கும் ஒன்றும் செய்யாது. ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்கு மட்டும் சட்டென்று இளைப்பைக் கிளப்பிவிடும். அதனால்தான் ஒரு கிலோவில் 10 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் அதை ஒவ்வாமைப் பொருளாகத் தனியே சொல்ல வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள்.

1998-ல் டெல்லியில் நடந்தது

லேபிள் இல்லாத உணவு என்ன செய்யும் என்பதற்கு ஒரு பழைய கதை. 1998 ஆகஸ்டில் டெல்லியில் ஜனங்களுக்குக் கால் வீங்கியது, மூச்சு வாங்கியது, இதயம் பலவீனமானது. கடுகு எண்ணெயில் பிரம்மதண்டு விதை எண்ணெய் கலந்திருந்ததுதான் காரணம். நம் ஊர்த் தரிசில் மஞ்சள் பூப் பூத்து, முள்ளோடு நிற்குமே, அதே பிரம்மதண்டுதான். அறுபது பேருக்கு மேல் இறந்தார்கள். லூஸில் விற்கிற எண்ணெய் யாருடைய செக்கிலிருந்து வந்தது, எத்தனை டின் போயிருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதன் பிறகுதான் கடுகு எண்ணெயைப் பாக்கெட்டில் அடைத்தே விற்க வேண்டும் என்று கெடுபிடி வந்தது.

அப்போது இருந்தது 1954-ம் வருஷத்து உணவுக் கலப்படத் தடைச் சட்டம். அதன் இடத்தில் 2006-ல் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் வந்து, 2011 ஆகஸ்ட் 5 முதல் நடைமுறையில் இருக்கிறது. லேபிளுக்கென்றே தனி விதிகள் 2020-ல் வந்தன. எடை, விலை சமாச்சாரங்களுக்குச் சட்டமுறை எடையளவு விதிகள் வேறு. அதை நம் மாநிலத்தில் கவனிப்பது தொழிலாளர் துறை. ஒரே பாக்கெட்டுக்கு இரண்டு ஆபீஸ்! சின்னக் கடைக்காரர்கள் தலையைச் சொறிவதில் ஆச்சரியமில்லை.

2011-ம் வருஷத்து விதிகளின்படி மிளகாய்த்தூள், மல்லித்தூள் மாதிரி அரைத்த மசாலாவை லூஸில் விற்கவே கூடாது, பாக்கெட்டில்தான் விற்க வேண்டும். சமையல் எண்ணெயும் அப்படியே. மாநில அரசு ஏதாவது எண்ணெய்க்கு விலக்கு கொடுத்திருந்தால்தான் லூஸில் விற்கலாம். ஆனால் நம் மாவட்டத்தில் செக்கில் ஆட்டின எண்ணெயைப் பழைய தண்ணீர் பாட்டிலில் பிடித்து வாங்கிவந்து, "நல்ல எண்ணெய்" என்று பெருமைப்படுகிறோம். எண்ணெய் நல்லதாகவே இருக்கலாம். ஆட்டின தேதி தெரியுமா? பழைய ஸ்டாக்கும் புதுசும் கலந்ததா? செக்குக்காரர் தெரிந்தவர் என்றால் ஒரு வெள்ளைச் சீட்டில் பெயர், தேதி எழுதி ஒட்டச் சொல்லுங்கள். நாலு பேர் கேட்டால் அவரே அச்சடித்துவிடுவார்.

கேழ்வரகு பிஸ்கட்டில் கேழ்வரகு எத்தனையாவது?

கேழ்வரகும் சாமையும் விளைகிற சீமை நம்முடையது. களியும் கூழும் சாப்பிட்டு வளர்ந்த தலைமுறை இப்போது சர்க்கரை வியாதிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு, டீயோடு "ராகி பிஸ்கட்" தொட்டுக்கொள்கிறது. நல்லதுதானே என்கிறீர்களா? பாக்கெட்டைத் திருப்புங்கள்.

சேர்மானப் பட்டியலை இஷ்டத்துக்கு எழுதிவிட முடியாது. எடையில் எது அதிகமோ அது முதலில், அப்புறம் இறங்குவரிசையில் மற்றவை. இது விதி. அதனால் முதல் மூன்று பெயர்களைப் படித்தாலே பாதி விஷயம் தெரிந்துபோகும். முதலில் மைதா, இரண்டாவது சர்க்கரை, மூன்றாவது வனஸ்பதி அல்லது பாமாயில், நாலாவதோ ஐந்தாவதோ கேழ்வரகு மாவு என்று இருந்தால் அது மைதா பிஸ்கட். கேழ்வரகு அதில் விருந்தாளி!

இன்னொரு பிடியும் உண்டு. கலவையாகச் செய்த பொருளின் லேபிளில் ஒரு சேர்மானத்தைப் பெயராலோ படத்தாலோ தூக்கிக் காட்டினால், அது எத்தனை சதவீதம் என்று சொல்ல வேண்டும். கேழ்வரகுக் கதிர் படம் போட்டிருக்கிறது, சதவீதத்தைக் காணோம் என்றால் சந்தேகப்படுங்கள். சர்க்கரை வியாதிக்காரர் இருக்கும் வீட்டில் இந்த ஒரு பழக்கம் வந்தாலே போதும், பல பிஸ்கட்டுகள் கடையிலேயே தங்கிவிடும்.

சரி, இதையெல்லாம் நம் அம்மாவோ பாட்டியோ படிக்க முடிகிறதா? இங்கேதான் எனக்கு ஒரு குறை. விதிப்படி லேபிள் விவரங்கள் ஆங்கிலத்திலோ, தேவநாகரியில் ஹிந்தியிலோ இருந்தால் போதும். தமிழ் சேர்க்கலாம், தடையில்லை, ஆனால் கட்டாயமும் இல்லை. அரூரில் மளிகை வாங்குகிற, தமிழ் மட்டும் வாசிக்கத் தெரிந்த ஒரு பெண்மணிக்கு "பீனட்" என்ற சொல் ஆங்கில எழுத்தில் இருந்து என்ன பிரயோஜனம்? உள்ளூர்த் தயாரிப்பாளர்களாவது இரண்டு மொழியிலும் அடிக்கலாம். அடித்தால் வியாபாரமும் கூடும் என்பது என் அபிப்பிராயம்.

தேதியைப் படிப்பது எப்படி?

முன்பெல்லாம் "இத்தனை மாதத்துக்குள் உபயோகித்தால் நல்லது" என்று மட்டும் போட்டிருப்பார்கள். தயாரித்த தேதியைத் தேடிப்பிடித்து, விரல் விட்டு எண்ண வேண்டும். 2020 விதிகளின்படி தயாரித்த அல்லது பாக்கெட் போட்ட தேதியும், காலாவதித் தேதியும் இரண்டுமே இருக்க வேண்டும். "அதற்குள் நல்லது" என்பதை வேண்டுமானால் கூடுதலாகப் போட்டுக்கொள்ளலாம். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. "நல்லது" தேதி தாண்டினால் ருசியும் மொறுமொறுப்பும் குறையும். காலாவதி தாண்டினால் சாப்பிடவும் கூடாது, விற்கவும் கூடாது.

லட்டு, மைசூர்பாகு என்று தட்டில் வைத்து விற்கும் இனிப்புக்கு? 2020 அக்டோபர் 1 முதல், அந்தந்தத் தட்டின் முன்னால் "இந்தத் தேதிக்குள் சாப்பிடுவது நல்லது" என்று எழுதிவைக்க வேண்டும் என்று உத்தரவு. அடுத்த முறை ஸ்வீட் ஸ்டாலுக்குப் போகும்போது அந்த அட்டை இருக்கிறதா பாருங்கள். பால் இனிப்புகளுக்கு இது ரொம்ப முக்கியம்.

"நானே போட்டது, எனக்குத் தெரியாதா?"

பாலக்கோடு ரோட்டில் ஒரு அக்கா சின்னதாக மளிகைக்கடை வைத்திருக்கிறார். மூட்டையில் வாங்கின பருப்பை அரைக்கிலோ கவரில் கட்டுவார். வீட்டில் முறுக்கு சுட்டு, கவரில் போட்டு, பின் அடித்து மாட்டுவார். (அந்தப் பின்னைப் பார்த்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். குழந்தை விழுங்கினால்?)

"ஏங்க்கா, இந்த முறுக்குல தேதி எங்க?" என்றேன்.

"நேத்து சுட்டதுங்க. நானே போட்டது, எனக்குத் தெரியாதா?"

"உங்களுக்குத் தெரியும். வாங்கிட்டுப் போறவங்களுக்கு?"

சிரித்துவிட்டார். அப்புறம் மெதுவாக, "லேபிள் அடிக்கப் போனா ஆயிரக்கணக்குல அடிக்கச் சொல்றாங்க. நான் ஒரு நாளைக்கு முப்பது பாக்கெட் போடறேன்" என்றார். நியாயமான பேச்சு. ஆனால் சட்டம் அவரை எங்கே நிறுத்துகிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

மூட்டையைப் பிரித்துக் கவரில் கட்டி ஒட்டிய நிமிஷமே அவர் வெறும் கடைக்காரர் இல்லை, பாக்கெட் போடுபவர். அந்தப் பாக்கெட்டின் லேபிளுக்கு அவரே பொறுப்பு. சும்மா வாங்கி விற்கிறவர்களுக்கும் சட்டத்தின் 27-வது பிரிவில் பொறுப்பு உண்டு. காலாவதியான பொருளை விற்றாலும், லேபிள் தவறான பொருளை விற்றாலும், யாரிடம் வாங்கினோம் என்று காட்ட முடியாத பொருளை விற்றாலும் விற்றவர் மாட்டிக்கொள்வார். லேபிள் குற்றத்துக்கு 52-வது பிரிவின்படி மூன்று லட்ச ரூபாய் வரைக்கும் அபராதம் விதிக்க இடமிருக்கிறது. சின்னக் கடைக்கு அத்தனையும் போட்டுவிடுவார்கள் என்றில்லை, ஆனால் உச்சவரம்பு அது.

இதைச் சொன்னதும் அக்காவுக்கு முகம் வாடிவிட்டது. "அப்ப லைன்ல வண்டியில கொண்டுவந்து போட்டுட்டுப் போறானே, அவன் பில்லே தர்றதில்லையே?" என்றார். சரியான இடத்தைத் தொட்டார்! பில் இல்லாத சரக்கு விலை மலிவாக இருக்கும். நாளைக்கு ஒரு குழந்தைக்கு உடம்புக்கு வந்தால் வண்டிக்காரர் காணாமல் போவார். கடை இருக்கிற இடத்திலேயேதான் இருக்கும். அந்தச் சின்னத் தாள்தான் பொறுப்பை வந்த இடத்துக்குத் திருப்பி அனுப்பும். வாங்குகிறவர்களுக்கு உதவுவதைவிடக் கடைக்காரருக்குத்தான் லேபிளும் பில்லும் அதிகம் உதவும் என்று நான் நினைக்கிறேன்.

வாசகிகளில் பலர் வீட்டிலேயே பொடி, ஊறுகாய், முறுக்கு செய்து அக்கம்பக்கத்துக் கடைகளில் போடுகிறீர்கள். உங்களுக்கும் சேர்த்தே இது. முதலில் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு. சிறு வியாபாரிகளுக்குப் பதிவு, பெரியவர்களுக்கு லைசென்ஸ். ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். 14 இலக்க எண் கிடைக்கும். லேபிளைப் பார்க்கும்போது அந்த எண்ணையும் வாசிக்கப் பழகுங்கள். முதல் இலக்கம் 1 என்றால் லைசென்ஸ், 2 என்றால் பதிவு. அடுத்த இரண்டு இலக்கம் மாநிலம், தமிழ்நாட்டுக்கு 24. அதற்கடுத்த இரண்டு, எண் வாங்கின வருஷம்.

லேபிளுக்கு அச்சாபீஸ் வேண்டாம். மாறாத விஷயங்களை ஒரு தாளில் கட்டம் கட்டமாக டைப் செய்து நகல் எடுத்து, தேதிக்கும் பேட்ச் எண்ணுக்கும் மட்டும் இடம் விட்டு, அழியாத மையில் எழுதலாம், அல்லது முத்திரை குத்தலாம். ஒட்டினது உரியாமல், எழுதினது கலையாமல் இருக்க வேண்டும். அவ்வளவுதான். அக்காவுக்கு நான் எழுதிக்கொடுத்த மாதிரி இது:

கேழ்வரகு முறுக்கு
சேர்மானங்கள்: கேழ்வரகு மாவு (40%), அரிசி மாவு, கடலை எண்ணெய், பொட்டுக்கடலை மாவு, எள், உப்பு, கூட்டுப் பெருங்காயம் (கோதுமை மாவு கலந்தது)
ஒவ்வாமை உள்ளவர்கள் கவனிக்க: நிலக்கடலை, கோதுமை உள்ளது
நிகர எடை: 200 கிராம்
அதிகபட்ச விலை: ரூ. 60 (எல்லா வரிகளும் உட்பட), கிராம் 30 பைசா
தயாரித்த தேதி, காலாவதித் தேதி, பேட்ச் எண்
தயாரித்தவர் பெயர், பின்கோடுடன் முழு முகவரி, போன்
14 இலக்கப் பதிவு எண், சதுரத்துக்குள் பச்சை வட்டம்

இதையே ஆங்கிலத்திலும் எழுதியாக வேண்டும், காரணம் முன்னாலேயே சொன்னேன். முட்டை சேர்த்திருந்தால் பச்சை வட்டம் போடக் கூடாது, சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம். சத்து விவரம் என்று கலோரி, புரதம், மாவுச்சத்து, சர்க்கரை, கொழுப்பு, சோடியம் கணக்கு வேறு உண்டு. அதைத் தயாரிக்கும் வழியை மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்திலேயே கேட்டுக்கொள்வது நல்லது. ஆபீசர் என்றால் அபராதம் போடத்தான் வருவார் என்று நினைத்துக் கதவைச் சாத்த வேண்டாம்.

பெருங்காயத்தில் கோதுமை எங்கிருந்து வந்தது என்று அக்கா கேட்டார். அலமாரியிலிருந்து பெருங்காய டப்பாவை எடுத்துப் பார்க்கச் சொன்னேன். பொடிப் பொடி எழுத்தில் இருந்தது. கூட்டுப் பெருங்காயம் என்பது பெரும்பாலும் கோதுமை மாவிலோ மைதாவிலோ பிசினிலோ கலந்ததுதான். கோதுமை ஒவ்வாத குழந்தைக்கு அரிசி முறுக்குதானே என்று நம்பிக் கொடுக்கிற தாய்க்கு இது தெரிய வேண்டாமா?

எள்ளளவு என்பது சின்ன விஷயமா?

2016-ல் லண்டன் விமான நிலையத்தில் நடாஷா என்ற 15 வயசுப் பெண் ஒரு சாண்ட்விச் வாங்கினாள். அவளுக்கு எள் ஒவ்வாது. ரொட்டி மாவுக்குள் எள் இருந்தது. உறையில் அது எழுதப்படவில்லை. கடையிலேயே செய்து உறையில் போட்டு விற்கும் பண்டத்துக்கு முழுப் பட்டியல் வேண்டாம் என்று அங்கே அப்போது விலக்கு இருந்தது. விமானத்தில் போகும்போதே உடம்பு மோசமாகி அன்றே இறந்துபோனாள். பெற்றோர் விடாமல் போராடினார்கள். 2021 அக்டோபர் 1 முதல் அந்த நாட்டில் சின்னக் கடைகள்கூடத் தாங்களே செய்து உறையிடும் பண்டத்துக்கு முழுச் சேர்மானமும் எழுத வேண்டும். "நடாஷா சட்டம்" என்றே அதற்குப் பெயர்.

நம் 2020 விதிகளின் ஒவ்வாமைப் பட்டியலில் கோதுமை வகை, இறால் நண்டு வகை, பால், முட்டை, மீன், நிலக்கடலை மற்றும் கொட்டை வகைகள், சோயா, சல்ஃபைட் ஆகியவை இருக்கின்றன. எள்ளின் பெயர் இல்லை. எள்ளுருண்டையும் எள்ளுப்பொடியும் தின்கிற ஊரில்! அதனால்தான் அக்காவின் லேபிளில் சேர்மான வரிசையில் எள்ளை விடாமல் எழுதச் சொன்னேன். ஒவ்வாமைப் பட்டியலில் இல்லையென்றாலும் சேர்மானத்தில் இருந்தே ஆக வேண்டும்.

புகார் செய்வது எப்படி?

தேதி அழிக்கப்பட்டிருக்கிறது, பழைய தேதி மேல் புதுசு ஒட்டியிருக்கிறது, முகவரியே இல்லை என்றால் தமிழக உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322-க்குப் படத்தோடு அனுப்பலாம். எடை, விலைத் தகராறு என்றால் தொழிலாளர் துறை, அல்லது தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. சட்டத்தின் 40-வது பிரிவுப்படி, வாங்கினவரே கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் பொருளைச் சோதிக்கக் கொடுக்கலாம். கொடுக்கப்போகிறேன் என்று வாங்கும்போதே கடையில் சொல்லிவிட வேண்டும். விதிக்கு மாறாக இருந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும்.

சாப்பிட்டு உடம்புக்கு வந்துவிட்டால் மிச்சத்தைக் கொட்டிவிடாதீர்கள். பாக்கெட்டோடு ஒரு கவரில் கட்டி, ஃபிரிட்ஜில் வைத்து, "தொடாதே" என்று எழுதி ஒட்டுங்கள். டாக்டரிடம் போகும்போது லேபிளை மறக்காமல் எடுத்துக்கொண்டு போங்கள்.